எண்ணூர் ஆஸ்டினும் ‘மிஸ்ஸிங்’ அடிக்கும் எஞ்சினும்

எண்ணூர் என்றதும் லாரிதான் ஞாபகம் வரும். ஆனால் அந்தத் தொழிற்சாலையிலிருந்து முதலில் வெளியே வந்தது லாரி இல்லை, கார். ரகுநந்தன் சரண் 1948-ல் அசோக் மோட்டார்ஸைத் தொடங்கினார் (மகன் பெயரைத்தான் கம்பெனிக்கு வைத்தார்). மறு வருடமே, இங்கிலாந்திலிருந்து பாகங்களாக வந்த ஆஸ்டின் ஏ40 கார்களை எண்ணூரில் பூட்ட ஆரம்பித்துவிட்டார்கள். 1200 சிசி, நான்கு சிலிண்டர், சுமார் 40 குதிரைத்திறன்.

1950-ல் லேலண்டோடு ஒப்பந்தம். 1953-ல் மத்திய அரசு ஒரு முடிவெடுத்தது: இங்கேயே தயாரிக்கும் திட்டம் இல்லாமல் வெறுமனே பாகம் பூட்டி விற்பவர்களுக்கு இனி இடமில்லை. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டியது அப்போதுதான். எண்ணூர் லாரியைப் பிடித்துக்கொண்டு பிழைத்தது. 1955-ல் பெயரே அசோக் லேலண்ட் ஆனது. ஆஸ்டின் போய்விட்டது.

போனது கார்தான், எஞ்சின் குடும்பம் போகவில்லை. ஏ40-ன் அந்த 1200 சிசி எஞ்சின் வடிவமைப்பிலிருந்து கிளைத்ததுதான் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-சீரீஸ். அதன் 1489 சிசி வடிவம்தான் நம்ம அம்பாஸடருக்குள் பல பத்தாண்டுகள் ஓடியது. அதாவது 1949-ல் ஒருத்தர் ஆஸ்டினில் பழகிய கைவேலை 1980-களின் டாக்ஸி ஸ்டாண்டிலும் செல்லுபடியானது. மென்பொருளில் முப்பது வருடம் மாறாத ஒன்றை நினைத்துப் பார்க்கவே கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது.

அந்தக் கைவேலை என்ன? வண்டி ஐட்லிங்கில் குலுங்குகிறது, ‘மிஸ்ஸிங்’ அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் ஓடும்போதே பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுவார்கள். நல்ல சிலிண்டரின் ஒயரைக் கழற்றினால் எஞ்சின் இன்னும் மோசமாகத் தடுமாறும். கழற்றியும் சத்தத்தில் மாற்றமே இல்லையென்றால், அந்த சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை என்று அர்த்தம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் நீக்கிப் பார், மற்றதைத் தொடாதே. நாங்கள் ‘டீபக்’ என்று சொல்வதும் இதைத்தான்.

நான்கு சிலிண்டரும் ஒரே மாதிரி சோர்ந்து கிடந்தால் சந்தேகம் பொதுவான பாகங்கள் மேல் போகும். அதில் முதல் குற்றவாளி பெரும்பாலும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ‘பாயிண்ட்’. இரண்டு உலோக முனைகள் திறக்கும் ஒவ்வொரு முறையும் காயிலில் மின்சாரம் அறுந்து ஒரு பொறி பிறக்கும். ஐட்லிங்கில், 800 சுற்று என்றால், நிமிடத்துக்கு 1600 முறை. 3000 சுற்றில் வினாடிக்கு 100 முறை! முனைகள் கருகும். கேமைத் தொட்டுக்கொண்டிருக்கும் குதி தேயும். தேயத் தேய இடைவெளி குறையும், டைமிங் பின்னால் போகும், வண்டி இழுக்காது. மருந்து என்னவென்றால், உப்புத்தாளால் முனைகளை லேசாகத் தேய்ப்பது, ஃபில்லர் கேஜ் வைத்து சுமார் 0.4 மி.மீ. இடைவெளி விடுவது. தேய்த்தும் சீக்கிரமே மறுபடி கருகினால் கண்டன்சரை மாற்ற வேண்டும். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டியே இருப்பதால் இன்னொரு தொல்லையும் உண்டு: உப்பும் ஈரமும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் படிந்தால், பொறி பிளக்குக்குப் போகாமல் மூடியின் மேலேயே வழி கண்டுபிடித்துவிடும். அதற்கு ஒரு காய்ந்த துணி போதும்.

பக்கத்துத் திருவொற்றியூரில் என்ஃபீல்டு தொழிற்சாலை தொடங்கிய கதை வேறு. ஆனால் புல்லட்காரர்களுக்கும் இதே பாடம்தான். கிக்கரை மெதுவாக அமுக்கும்போது அம்மீட்டர் முள் நடுவுக்கு வந்தால் பாயிண்ட் திறந்துவிட்டது என்று பொருள். டீகம்ப்ரஸரைப் பிடித்து, பிஸ்டனை உச்சியைத் தாண்ட விட்டு, அப்புறம் ஓங்கி ஒரு உதை. பத்து வயசுப் பையனுக்குக்கூட முள் எங்கே நிற்கணும் என்று தெரிந்திருக்கும்.

இதைச் சொல்லி ‘அந்தக் காலத்து வண்டியை வீட்டிலேயே சரி பண்ணலாம், இப்போ உள்ளதைத் தொடவே முடியாது’ என்று முடிப்பது வழக்கம். நான் அதில் பாதியைத்தான் ஒப்புக்கொள்வேன். அந்த வீட்டு வேலையில் பெரும்பகுதி பழுது பார்ப்பதே அல்ல. தேய்ந்துகொண்டே இருக்கும் ஒரு பாகத்தைத் திரும்பத் திரும்பப் பழைய இடத்துக்கு இழுத்து வைப்பது. பாயிண்ட் போனபோது அந்த வேலையும் போனது. அதற்கு நான் அழ மாட்டேன்.

மாற்றத்துக்கு வழி திறந்தது புகைக் கட்டுப்பாடு. 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயமில்லா பெட்ரோல் வந்தது, புதிய பெட்ரோல் கார்களுக்கு கேட்டலிடிக் கன்வர்ட்டர் கட்டாயமானது. கன்வர்ட்டர் ஒழுங்காக வேலை செய்ய, 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற கணக்கு பிசகக் கூடாது. கார்பரேட்டரால் அந்தத் துல்லியம் முடியாது. இன்ஜெக்ஷனும் ஆக்சிஜன் சென்சாரும் அதன் இடத்தைப் பிடித்தன. 2010-ல் பாரத் ஸ்டேஜ் 4-ஐ ஒட்டி ஓபிடி வந்தது. 2013-ல் ஓபிடி 2.

இப்போது மிஸ்ஸிங்கைக் கேட்பது கம்ப்யூட்டர். ஒவ்வொரு சிலிண்டர் வெடிக்கும்போதும் கிராங்க் ஷாஃப்ட் துளி வேகமாகச் சுற்றும். வெடிக்காதபோது அந்தத் துளி வேகம் வராது. பல் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் சென்சார் அதை எண்ணும். மெக்கானிக்கின் காது செய்ததும் இதே வேலைதான். சில நூறு ரூபாய் புளூடூத் அடாப்டரை ஸ்டீயரிங் கீழே செருகினால் போனில் ‘பி0302’ என்று வரும்: இரண்டாவது சிலிண்டர்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அந்த எண் எந்த சிலிண்டர் என்றுதான் சொல்கிறது, ஏன் என்று சொல்வதில்லை. பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா, வால்வா? அதை நாம்தான் கண்டுபிடிக்கணும். ஓடும் எஞ்சினில் ஒயரைப் பிடுங்கும் பழைய வித்தை இன்று கூடாது. மின்னழுத்தம் ஆளைத் தூக்கி எறியும், எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் அதைச் சுட்டுவிடும். எஞ்சினை அணைத்து, ஆற விட்டு, இரண்டாவது காயிலையும் மூன்றாவது காயிலையும் இடம் மாற்றி மாட்டுங்கள். கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பி0303 என்று வந்தால் காயில்தான் காரணம். மறுபடியும் பி0302 என்றால் அடுத்து பிளக்கை இடம் மாற்றுங்கள். முழு செட்டையும் மாற்றச் சொல்லும் பில்லுக்கு முன்னால் இந்த அரை மணி நேரம் செலவழிக்கத் தகுந்தது.

பிளக்கும் இல்லை, இன்ஜெக்டரும் இல்லை என்று ஆனால் மிச்சம் இருப்பது கம்ப்ரஷன். அதற்கு எந்தக் கோடும் உதவாது, பிளக் துளையில் கேஜ் மாட்டித்தான் பார்க்கணும். அதே கேஜை எண்ணூர் ஆஸ்டினிலும் மாட்டலாம். மரை அளவுக்கு ஏற்ற அடாப்டர் மட்டும் வேண்டும்.