அறிக்கைச் சாய்வு (நடத்தைசார் பொதுக்கொள்கை ஆய்வு)

பலன் தந்த சோதனைகள் அச்சேறுவதும், பலன் தராதவை வெளிவராமலே போவதும் அறிக்கைச் சாய்வு எனப்படும். ஒரே ஆய்வின் பல அளவீடுகளில் சாதகமானதை மட்டும் எடுத்து எழுதுவதும் இதில் சேரும். அபராதமோ தடையோ இல்லாமல், கடிதத்தின் வாசகத்தையோ படிவத்தின் அமைப்பையோ மாற்றி மக்களின் முடிவைத் திருப்பப் பார்க்கும் ‘நட்ஜ்’ முறை, ரிச்சர்டு தேலரும் காஸ் சன்ஸ்டீனும் 2008இல் எழுதிய நூலுக்குப் பின் பல அரசுகளிடம் பரவியது. இந்த ஆய்வுத்துறையில் சாய்வு ஆழமாகவே வேரோடியிருக்கிறது.

ஆய்வாளர்கள் ஸ்டெஃபானோ டெல்லாவீனாவும் எலிசபெத் லினோஸும், அரசுகளுக்காக இம்முறையைச் சோதித்துப் பார்க்க அமெரிக்காவில் இயங்கிய இரண்டு ‘நட்ஜ் பிரிவு’களின் 126 சோதனைகளை, வெளிவந்ததும் வராததுமாக, முழுவதும் திரட்டினர். அவற்றில் 2.3 கோடிப் பேர் அடக்கம். 2022இல் வெளியான முடிவு: ஆய்விதழ்களில் சராசரிப் பலன் 8.7 சதவீதப் புள்ளி. நட்ஜ் பிரிவுகளில் 1.4 மட்டுமே. வேறுபாட்டின் பெரும்பகுதிக்குக் காரணம், இதழ்களில் எது வெளிவருகிறது என்ற தேர்வுதான். புதுச்சேரியில் வீட்டுவரி நிலுவை வைத்திருக்கும் 10,000 பேருக்குப் புதுவிதமான நினைவூட்டல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். இதழ்களை நம்பும் அதிகாரி கூடுதலாக 870 பேர் கட்டுவார்கள் என்று கணக்குப் போடுவார். வரக்கூடியவர்கள் 140 பேர். பற்றாக்குறை வரவுசெலவில் வந்து விழும்.

பலனில்லை என்பதை மறைக்காமல் சொன்ன ஆய்வுக்குச் சென்னையே சான்று. அங்கே குறைந்த வருமானக்காரர்கள் எட்டு மணி நேரம் படுத்திருந்தும் சராசரியாக ஐந்தரை மணி நேரமே தூங்கினர். வீட்டில் தூங்க வசதி செய்துகொடுத்ததும் இரவுத் தூக்கம் 27 நிமிடம் கூடியது. ஆனால் வேலைத்திறனோ சிந்தனைத்திறனோ மனநலமோ கூடவில்லை. வல்லுநர்கள் கணித்தது நேர்மாறாக. வேலையிடத்தில் போட்ட பிற்பகல் குட்டித்தூக்கம் மூன்றையும் உயர்த்தியது, வேலை நேரம் குறைந்தாலும். இரண்டு முடிவும் 2021இல் ஒரே கட்டுரையில் வெளிவந்தன. குட்டித்தூக்கத்தை மட்டும் எழுதியிருந்தால் பாதி உண்மை தொலைந்திருக்கும்.

இத்தகைய சோதனைகளையே முழுதாக நம்புவதைக் கேள்வி கேட்டவர்களும் உண்டு. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தோடு இணைந்து கடலூர், விழுப்புரம் கிராமங்களின் கடன் வாழ்க்கையை ஆராய்ந்தவர் இசபெல் கெரேன். அவர் இருவரோடு சேர்ந்து தொகுத்து 2020இல் ஆக்ஸ்போர்டு வெளியிட்ட நூல், பங்கேற்பாளர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிடும் சமவாய்ப்புச் சோதனைகளை மட்டுமே உரைகல்லாகக் கொள்வதைக் கேள்விக்குள்ளாக்கியது.

சோதனை தொடங்குமுன் அதைப் பதிவுசெய்வது அறிக்கைச் சாய்வுக்கு எதிரான ஒரு காப்பு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மருத்துவச் சோதனைப் பதிவேடு 2007இல் தொடங்கியது. 2018 ஏப்ரல் முதல், பங்கேற்பாளர்களைச் சேர்க்குமுன் வரும் பதிவுகளையே அது ஏற்கிறது. பதிவுசெய்துவிட்டு முடிவை வெளியிடாமல் இருப்பவரை இது முழுதாகத் தடுக்காது. ஆய்வுத் திட்டத்தைப் படித்து, முடிவு தெரியுமுன்பே கட்டுரையை ஏற்கும் முறைதான் இன்னும் வலுவானது. வளர்ச்சிப் பொருளியல் இதழ் ஒன்று 2018இல் அதைத் தொடங்கியது.