இதழும் உழைப்பும்: வாவிக்கரைப் பூவேலை பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

பூவைப் பாடிய தமிழ் இலக்கியம் பூவேலை செய்த கையை அரிதாகவே பாடிற்று. தொடுத்தல், கோத்தல், பிணைத்தல், கட்டுதல் எனத் தொழிற்சொற்கள் மொழியில் நிறைந்துள்ளன. ஆயினும், தொழில் செய்தவர் எவர், எத்தகைய சமூக உறவினுள் நின்று செய்தனர் என்னும் வினாக்கள் இலக்கிய வரலாற்றிற் பின்தள்ளப்பட்டன. இதழிதழாகச் சேர்த்துப் பூ ஆக்கும் வேலையை முன்வைத்து, மட்டக்களப்பு வாவிக்கரை வாழ்வினூடே இவ்வினாக்களை நோக்குவோம்.

கண்ணகி வழிபாடு வேரூன்றிய இப்பிரதேசத்தை ஆராய்வோர் சிலப்பதிகாரத்திலிருந்து தொடங்குதல் பொருத்தமானதே. இந்திரவிழவூரெடுத்த காதை, புகாரின் மருவூர்ப்பாக்கத்துத் தொழிலாளருள் ‘கிழி’யினும் ‘கிடை’யினும் வேலை செய்வோரைக் குறிப்பிடுகின்றது. கிழி துணி, கிடை நெட்டி. நீர்நிலைகளில் வளரும் நெட்டியின் வெண்தண்டை மென்தகடாகச் சீவி, இதழ்களாக நறுக்கி, ஒன்றோடொன்று பொருத்தினால் வாடாத பூ கிடைக்கும். தஞ்சாவூரில் இன்றும் நிலைக்கும் நெட்டி வேலை 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. இயற்கைப் பூவில் மறைந்துநிற்கும் மனித உழைப்பு, இத்தகைய பூவில் மறுக்கவியலாதவாறு வெளிப்படுகின்றது; ஒவ்வோர் இதழும் ஒரு கையின் செயலாகும். எனினும் அதே காப்பியத்தில், கூனி தெருவில் விற்ற மாலைக்கு 1008 கழஞ்சுப் பொன் விலை கூறப்படுகின்றது. அது மாதவிக்கு இடப்பட்ட விலையேயன்றி, மாலை கட்டியவரின் உழைப்புக்குரிய விலையன்று.

வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் பூவேலை வணிகநகரின் கைத்தொழிலாக அன்றி, நெல் வேளாண்மையைத் தளமாகக் கொண்ட கோயிற் சமூகத்தின் கடமையாக அமைந்தது. தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம், வந்தாறுமூலை முதலிய ஊர்களில் வைகாசியிற் கண்ணகை அம்மனுக்குக் கதவு திறந்து குளிர்த்தி பாடுங்கால், குருத்தோலையும் வேப்பிலையும் தென்னம்பாளையும் கோலம் பெறுகின்றன. கிழிக்கப்பட்ட ஓலைக்கீற்றுகள் மடிக்கப்பட்டுத் தோரணமாகின்றன. வெள்ளை கட்டுதல் போன்ற பணிகளோ சாதிக்கடமையாக விதிக்கப்பட்டிருந்தன. எஃப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’ குடிகளின் உரிமைகளையும் கோயில் ஊழியங்களையும் விரித்துரைக்கின்றது. வண்ணக்கருக்குரிய முதன்மை சமூக நினைவிற் பதிவாகின்றது. ஓலை மடித்தவரின் பெயரோ பதிவாவதில்லை.

இப்பழைய ஒழுங்கைப் பொற்காலமெனப் போற்றுதல் தகாது. அங்குக் கூட்டுழைப்பின் அழகும் பிறப்புவழிக் கட்டாயமும் ஒருங்கே இருந்தன. மறுபுறம், கடதாசிப் பூவும் பிளாஸ்திக் பூவும் சந்தைவழி வந்தமையை வெறும் இரசனைச் சீரழிவாகக் கொள்ளலும் போதாது. சந்தை பிறப்புவழிக் கடமையின் பிடியைத் தளர்த்தலாம். ஆனால் இதழ் பொருத்திய தொழிலாளியை அது வேறொரு வகையில் மறைக்கின்றது. முன்பு சாதிக்கடமை மறைத்த கையை இன்று பண்டம் மறைக்கின்றது.

வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ (1964), இப்பிரதேச வாழ்வியலைத் தொகுத்தளித்த முன்னோடி நூலாகும். அவ்வழியில் எஞ்சியுள்ள பணி, பூவேலையின் சொற்களையும் மடிப்பு முறைகளையும், அவற்றைச் செய்வோரின் வாய்மொழியிலிருந்தே அவர்தம் பெயரோடு சேகரித்தலாகும். பாடலைத் தந்தவரைப் புலவரெனப் போற்றும் நாம், பந்தலைத் தந்தவரையும் பண்பாட்டின் ஆக்குநராக ஏற்கும்போதே நமது பண்பாட்டு வரலாறு மக்கள் வரலாறாகும்.