நடுவில் இருந்தவர்கள்

1974இல் தபால் தந்தி இலாகாவில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். எஸ்.எஸ்.எல்.சி. மார்க்கை வைத்து ஆள் எடுத்த காலம். காரைக்குடியில் ட்ரங்க் போர்டு. தலையில் ஹெட்செட், மார்பில் தொங்கும் பேச்சுக் குழல், எதிரே மரப் பலகை, அதில் வரிசை வரிசையாகத் துளைகள். விளக்கு எரிந்தால் இணைப்பு வயரைச் செருகி "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்க வேண்டும். கூப்பிட்டவர் ஒரு முனையில், கூப்பிடப்பட்டவர் மறு முனையில், நடுவில் நாங்கள். அந்தத் தொழில் இன்று அடியோடு இல்லை. போன் மனிதர்களைச் சேர்த்ததா பிரித்ததா என்று இப்போது பட்டிமன்றம் நடத்துகிறார்கள். மறைந்துபோன எங்கள் தொழிலின் கதையில் அதற்குப் பதில் இருப்பதாக நான் நினைக்கிறேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

போன் வருவதற்கு முன்பும் எங்கள் பக்கத்தில் தனிமை வேண்டிய மட்டும் இருந்தது. நகரத்தார் வீட்டு ஆண்கள் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் ஈப்போவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனால் மூன்று வருடக் கணக்கு. கல்யாணமான கையோடு கணவனைக் கப்பலேற்றிவிட்டு, முகப்பும் வளவும் இரண்டாங்கட்டுமாக நீளும் வீட்டில் கடிதத்துக்குக் காத்திருந்த பெண்கள் எத்தனையோ பேர். 1942இல் பர்மாவை ஜப்பான் பிடித்தபோது அங்கிருந்தவர்கள் காட்டுவழியே நடந்து வந்தார்கள். மாதக்கணக்கில் ஒரு தகவலும் இல்லாமல் இருந்ததை என்னிடம் சொன்ன ஆச்சிமார் உண்டு. 1960களில் பர்மா அரசு கடைகளையும் வங்கிகளையும் நாட்டுடைமை ஆக்கியதும் மிச்சம் இருந்தவர்களும் திரும்பினார்கள். அவர்களுடைய பிள்ளைகள் மெட்ராஸுக்கும் பம்பாய்க்கும் போனார்கள். நான் போர்டில் உட்கார்ந்த நாளில் அந்தப் பெரிய வீடுகள் பலவற்றில் ஓர் ஆச்சியும் ஒரு வேலைக்காரப் பெண்ணும்தான் இருந்தார்கள்.

அவர்களுக்கு இருந்த வழி, வெளியூருக்குப் பேசும் ட்ரங்க் கால். 180க்குச் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று தரம். அர்ஜென்ட்டுக்கு இரட்டைக் கட்டணம், லைட்னிங்குக்கு எட்டு மடங்கு. சாவுச் செய்தி, ஆஸ்பத்திரிச் செய்தி தவிர யாரும் லைட்னிங் கேட்க மாட்டார்கள். ஆர்டினரி என்றால் காலையில் பதிந்த கால் சாயங்காலம் கிடைத்தாலே பெரிது. மூன்று நிமிடம் ஓர் அலகு. மூன்றாவது நிமிடம் முடியும்போது நாங்கள் குறுக்கே வந்து, மேலே பேச வேண்டுமா என்று கேட்போம். பெயர் சரியாகக் கேட்காவிட்டால் 'எம் ஃபார் மெட்ராஸ்', 'பி ஃபார் பாம்பே' என்று எழுத்துக் கூட்டுவோம். எல்லாவற்றையும் டிக்கெட்டில் எழுத வேண்டும்: யார், எங்கே, எந்த நேரம், எத்தனை நிமிடம்.

இவற்றையெல்லாம்விட நான் நினைத்துப் பார்ப்பது பி.பி. கால். பர்ட்டிகுலர் பர்சன், அதாவது குறிப்பிட்ட ஆள் வந்தால் மட்டுமே பேச்சு. போன் இல்லாதவர்களே ஊரில் அதிகம் என்பதால் கல்யாணப் பத்திரிகையிலும் விசிட்டிங் கார்டிலும் பக்கத்து வீட்டு நம்பரைப் போட்டு 'பி.பி.' என்று அச்சடித்தார்கள். பம்பாயிலிருந்து ஒரு மகன் தன் தாயைக் கேட்டு கால் போடுவான். தாய் இருப்பது தேவகோட்டைக்கு அப்பால் ஒரு கிராமம். அந்த ஊருக்கு இருப்பது தபால் அலுவலகத்துப் பொதுத் தொலைபேசி ஒன்றுதான். பம்பாய் ஆபரேட்டர் மதுரையைப் பிடிப்பார், மதுரை எங்களைப் பிடிக்கும், நாங்கள் அந்தத் தபால் அலுவலகத்தைப் பிடிப்போம். அங்கிருந்து ஒரு பையன் ஓடுவான். "உங்க மகன் லைன்ல வராரு ஆத்தா, சீக்கிரம் வாங்க" என்று அவன் சத்தம் போடுவதில் தெருவுக்கே தெரிந்துவிடும். அந்தம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வரும்போது கூடவே நாலு பேர் வருவார்கள். பேசி முடித்ததும் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் "மகன் நல்லா இருக்கானா?" என்று கேட்பார்கள். மூன்று நிமிடப் பேச்சு ஒரு வாரத்துக்கு அந்தத் தெருவில் ஓடும். கம்பி கொண்டுவந்தது குரலை. அந்தம்மாளைத் தேடி வந்தது அந்தப் பையன்.

இன்னோர் ஆச்சி இருந்தார். கேட்டதை வெளியே சொன்னால் 1885ஆம் வருடத் தந்திச் சட்டப்படி சிறைத்தண்டனைகூட உண்டு என்று பயிற்சியிலேயே சொல்லித்தான் எங்களை உட்கார வைத்தார்கள். ஆகவே பெயரும் வேண்டாம், ஊரும் வேண்டாம். மெட்ராஸில் இருக்கும் மகனுக்கு ஆர்டினரி கால் பதிவார். பிறகு விசாரணை எண்ணான 181ஐச் சுற்றுவார்.

"கால் வந்துச்சா ஆத்தா?"

"இன்னும் லைன் கிடைக்கலை ஆச்சி."

"சரி. நீ சாப்பிட்டியா? காலையில இருந்த பிள்ளை நீ இல்லையே, அது எங்க?"

அவருக்கு மகனிடம் பேச வேண்டியதைப் போலவே எங்களிடம் பேச வேண்டியதும் இருந்தது. போர்டில் விளக்குகள் எரிந்துகொண்டே இருக்கும்; இருந்தாலும் ஒரு வார்த்தை சொல்லாமல் யாரும் துண்டிக்க மாட்டோம். ஒரு நாள் அவர் கூப்பிடவில்லை என்றால் டூட்டி மாறும்போது ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்வோம். ரூல் புத்தகத்தில் அப்படி ஒரு வேலை எழுதப்படவில்லை.

ஆபரேட்டர்கள் எல்லோரும் தங்கம் என்று சொல்ல வரவில்லை. எரிந்து விழுந்தவர்கள் இருந்தார்கள், காசு வாங்கிக்கொண்டு வரிசையை மாற்றியவர்கள் இருந்தார்கள். மணிக்கணக்காகக் காக்க வைத்து, கடைசியில் "லைன் பழுது" என்ற பதிலோடு அனுப்பிய நாட்கள் ஏராளம். புதிய இணைப்புக்கு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். அந்தக் காலம் திரும்ப வர வேண்டும் என்று நான் ஒருநாளும் வேண்ட மாட்டேன்.

இந்தத் தொழில் அமெரிக்காவில் பிறந்தது. முதலில் பையன்களை வைத்துப் பார்த்தார்கள். வாடிக்கையாளர்களிடம் மரியாதை இல்லாமல் பேசினார்கள் என்று புகார். 1878 செப்டம்பர் 1 அன்று பாஸ்டனில் எம்மா நட் என்ற பெண் வேலைக்குச் சேர்ந்தார். உலகின் முதல் பெண் ஆபரேட்டர் அவர். அடுத்த பதின்மூன்று வருடத்தில் எங்களை நீக்கும் இயந்திரமும் வந்துவிட்டது. கான்சஸ் நகரத்தில் சவ அடக்கத் தொழில் செய்த ஆல்மன் ஸ்ட்ரௌஜர், தனக்கு வர வேண்டிய அழைப்புகளை எக்ஸ்சேஞ்சில் இருப்பவர்கள் போட்டியாளருக்குத் திருப்புகிறார்கள் என்று சந்தேகப்பட்டார். ஆபரேட்டரே தேவைப்படாத தானியங்கி இணைப்பகத்துக்கு 1891இல் காப்புரிமை பெற்றார். 1892இல் இந்தியானா மாநிலத்தின் லா போர்ட்டில் அது ஓடத் தொடங்கியது. பெங்களூரின் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை (ஐ.டி.ஐ.) இந்தியாவுக்குச் செய்து தந்ததும் பல காலம் இதே ஸ்ட்ரௌஜர் முறைக் கருவிகள்தான். நடுவில் இருக்கும் மனிதர்மேல் வந்த அவநம்பிக்கையில் பிறந்த கருவி அது. இதை நான் மறப்பதே இல்லை.

அதே அமெரிக்காவின் பண்ணை நாட்டில் வேறொன்று நடந்தது. பெரிய கம்பெனிகள் கம்பி இழுக்க வராத இடங்களில் குடியானவர்கள் தாங்களே கூடிப் போன் கட்டிக்கொண்டார்கள். சில இடங்களில் முள்வேலிக் கம்பியே போன் கம்பி. ஒரே கம்பியில் பல வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மணியோசை என்றாலும் எல்லோருமே எடுத்துக் கேட்கலாம், கேட்டார்கள். மைல் கணக்கில் ஆள் அரவம் இல்லாமல் வாழ்ந்த பண்ணைப் பெண்களுக்கு அந்தப் பொதுக் கம்பி பெரிய ஆறுதலாக இருந்தது. வீண் அரட்டை என்று கம்பெனிக்காரர்கள் முகம் சுளித்தார்கள். கருவியின் உண்மையான பயனைப் பெண்கள்தான் முதலில் கண்டுகொண்டார்கள் என்பது என் எண்ணம்.

நம் நாட்டில் ஆபரேட்டர் உதவியின்றி வெளியூருக்கு நேரே சுழற்றும் எஸ்.டி.டி. வசதி 1960இல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே தொடங்கியது. சிற்றூர்களை எட்ட மேலும் கால் நூற்றாண்டு ஆனது. 1984இல் பொறியாளர் சாம் பிட்ரோடாவின் முன்முயற்சியில் சி-டாட் என்ற தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனம் உருவானது. நம் வெயிலையும் தூசியையும் தாங்கும், 128 இணைப்புகள் கொண்ட கிராம இணைப்பகத்தை அங்கே வடிவமைத்தார்கள். ட்ரங்க் போர்டுகள் ஒவ்வொன்றாக மூடின. எங்களை விசாரணை எண்ணுக்கும் புகார்ப் பிரிவுக்கும் மாற்றினார்கள்.

ஆனால் நடுவில் இருந்த மனிதர் அப்போதும் போய்விடவில்லை. மஞ்சள் போர்டு வைத்த எஸ்.டி.டி. பூத்துக்கு இடம் மாறினார். மாற்றுத்திறனாளிகளுக்கு பூத் ஒதுக்கீட்டில் முன்னுரிமை தந்ததால் பல ஊர்களில் அவர்களே கடை நடத்தினார்கள். கண்ணாடிக் கூண்டு, சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர், கிர்ரென்று வெளிவரும் பில். இரவு 11 மணிக்குமேல் நாலில் ஒரு பங்குக் கட்டணம் என்பதால் அந்நேரத்தில்தான் கூட்டம். வெளியூரில் வேலை பார்க்கும் பையன்கள், பிரசவத்துக்கு வந்த மகளைப் பற்றி மருமகனுக்குச் சொல்ல வந்த தகப்பன்கள், துபாய்க்குப் பேச வந்த பெண்கள் என்று வரிசையில் நின்றவர்களே ஒருவருக்கொருவர் பழகிப்போனார்கள். அழுதுகொண்டே கூண்டிலிருந்து வெளியே வந்த பெண்ணிடம் "காசு நாளைக்குக் கொடும்மா, முதல்ல தண்ணி குடி" என்று சொன்ன பூத்துக்காரரை நான் பார்த்திருக்கிறேன். 2000களின் நடுவில் இந்தியாவில் இப்படிப்பட்ட பொதுத் தொலைபேசிகள் இருபது லட்சத்தைத் தாண்டியிருந்தன.

செல்போன் 1995இல் வந்தபோது நிமிடத்துக்குப் பதினாறு ரூபாய் வரை; வரும் அழைப்புக்கும் காசு. 2003இல் வரும் அழைப்பு இலவசமானது. 2013 ஜூலையில் தந்தியை நிறுத்தினார்கள். 2016க்குப் பிறகு பேசுவதற்கே தனிக் கட்டணம் இல்லை என்ற நிலை. பூத்துகள் ஜெராக்ஸ் கடைகளாயின, பிறகு அவையும் மூடின. மலிவும் வேகமும் தெளிவும் கைக்கு வந்தன. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்: பேரனின் முகத்தைப் பார்த்துப் பேசும் பாட்டிக்கு அது கிடைத்தற்கரிய வரம். ஆனால் அம்மாவைக் கூப்பிட ஒரு பையன் ஓட வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்ட வேண்டியதில்லை. பேச்சு முடிந்ததும் மகன் நலமா என்று கேட்கத் தெருவில் ஒருவரும் இல்லை, ஏனென்றால் போன் வந்ததே யாருக்கும் தெரியாது. அன்று ஒரு அழைப்பு நாலைந்து பேரை அசைத்தது. இன்று இரண்டு பேரோடு முடிகிறது.

உலக சுகாதார அமைப்பின் ஆணையம் 2025இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருப்பதாகச் சொல்கிறது. முதியவர்களைவிட இளவயதினரிடம் அது கூடுதல் என்றும் சொல்கிறது. எந்நேரமும் போனைக் கையில் வைத்திருக்கும் வயது அது.

போன் தனிமையை ஆற்றும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகப் பெரிய சான்று லண்டனில் இருக்கிறது. தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களுக்காக சாட் வாரா என்ற பாதிரியார் 1953 நவம்பரில் தம் தேவாலயத்தில் ஒரு தொலைபேசி வைத்தார். ஆலோசனை சொல்லப்போவது தாம் என்றுதான் எண்ணியிருந்தார். அவரைப் பார்க்க வந்து காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத் துணைக்கு இருந்தவர்கள் சாதாரணத் தொண்டர்கள். வந்தவர்களில் பலர் அவர்களிடமே மனத்தைக் கொட்டிவிட்டு, பாதிரியாரைப் பார்க்காமலே போனார்கள். சில மாதங்களுக்குள் அந்தப் பணியைத் தொண்டர்களிடமே ஒப்படைத்தார். அதுதான் சமாரிட்டன்ஸ் அமைப்பு. சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய ஸ்நேகா இன்றும் அதே வேலையைச் செய்கிறது. அங்கே மறுமுனையில் எடுப்பவர் ஒரு மனிதர், அவசரப்படுத்தாமல் கேட்கிறார்.

இப்போது மறுமுனையிலும் இயந்திரத்தை உட்கார வைக்கப் பார்க்கிறார்கள். பழைய ஆசை இது. 1966இல் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் எழுதிய எலைசா என்ற நிரல், தட்டச்சில் கேள்வி கேட்டு மனநல மருத்துவர்போல உரையாடியது. அதன் உள்ளே புரிந்துகொள்ளுதல் எதுவும் இல்லை என்று அறிந்திருந்த அவருடைய செயலாளரே, அதனுடன் தனியாகப் பேச வேண்டும் என்று அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னார். வைசன்பாம் அதிர்ந்துபோனார்; பிற்காலத்தில் இந்த மோகத்தையே எதிர்த்து எழுதினார். நள்ளிரவில் தவிக்கும் ஒருவருக்கு இயந்திரத்தின் பதில் சற்று நேரம் ஆறுதல் தரலாம், மறுக்கவில்லை. ஆனால் மறுநாள் அவர் பேசாவிட்டால் அது கதவைத் தட்டிப் பார்க்க வராது.

என் தீர்ப்பு இது: அழைப்பின் வழியில் எங்காவது அக்கறையுள்ள ஒரு மனிதர் இருக்கும்வரை கருவி தனிமையைக் குறைக்கிறது. அந்த மனிதரை வெறும் செலவாகக் கணக்கிட்டு எடுத்துவிட்டால் கூட்டுகிறது. ஸ்ட்ரௌஜர் காலத்திலிருந்து நாம் எடுத்துக்கொண்டே வந்திருக்கிறோம்.

ஓய்வு பெற்ற நாங்கள் சிலர் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். பட்டியலில் தனியாக வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள், எங்கள் பழைய சிநேகிதிகளும் மற்றவர்களும். தினமும் காலை எட்டரைக்குள் முறை வைத்து ஒவ்வொருவரையும் கூப்பிடுவோம். மெசேஜ் கூடாது, குரல்தான். "எழுந்தாச்சா, மாத்திரை போட்டாச்சா, என்ன சமையல்?" அவ்வளவே. எடுக்காதவர் வீட்டுக்கு அருகில் இருப்பவர் நேரே போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. இதற்கு எந்த ஆப்பும் தேவைப்படவில்லை. நம்பர் எழுதிய ஒரு நோட்டுப் புத்தகம் போதுமாக இருக்கிறது.

மூத்தவர்களுக்கு உதவ அரசின் எல்டர்லைன் 14567 இருக்கிறது. மனம் தளர்ந்தவர்களுக்கு டெலிமானஸ் 14416. இரண்டிலும் மனிதர்கள் எடுப்பார்கள், தயங்காமல் கூப்பிடுங்கள். அதோடு உங்கள் தெருவில் தனியாக இருக்கும் ஒருவரின் நம்பரை இன்றே வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக் காலையில் கூப்பிடுங்கள். எடுக்கவில்லை என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.