வான்சிட்டார்ட்

வான்சிட்டார்ட் என்பது ஆங்கிலத்தில் வழங்கும் டச்சுக் குடும்பப் பெயர். நெதர்லாந்தின் லிம்பர்க் மாகாணத்தில் சிட்டார்ட் என்றோர் ஊர் இருக்கிறது. டச்சில் ‘வான்’ என்றால் ‘இன்ன இடத்திலிருந்து’. ஆக, சிட்டார்ட்காரர். மயிலாப்பூர், தி.நகர் சபாக்களில் மார்கழிக் கச்சேரி கேட்டவர்களுக்கு இதில் புதுமை இல்லை. “செம்மங்குடி பாடினார்”, “லால்குடி வாசித்தார்” என்றால் ஊரா பாடியது என்று யாரும் கேட்பதில்லை. லால்குடி ஜெயராமனின் பிள்ளைகள் கிருஷ்ணன், விஜயலட்சுமி பெயர்களிலும் அந்த ஊர் ஒட்டிக்கொண்டது. சிட்டார்ட்டும் அப்படித்தான் பரம்பரைக்கு இறங்கியது.

ஜெர்மானிய ‘ஃபான்’ பெரும்பாலும் பிரபு வம்சத்தைக் குறிக்கும். டச்சு ‘வான்’ அப்படியல்ல. ஓவியர் வான் கோவின் பெயரிலும் ஓர் ஊர்தான் ஒளிந்திருக்கிறது, கோஹ். அது இன்று ஜெர்மனியில் இருக்கிறது. சிட்டார்ட்டும் அந்தக் காலத்தில் யூலிக் கோமகனின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. நெதர்லாந்துடன் சேர்ந்தது 1815-க்குப் பிறகுதான்.

குடும்பம் சிட்டார்ட்டிலிருந்து பால்டிக் கரையின் டான்சிக் துறைமுகத்துக்குப் போனது. 1651-இல் பிறந்த பீட்டர் வான் சிட்டார்ட் அங்கிருந்து லண்டனுக்கு வந்து வணிகத்தில் பொருள் சேர்த்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநரும் ஆனார். இங்கிலாந்தில்தான் இரண்டு சொல்லும் ஒட்டி ஒன்றாயின. அழுத்தம் ‘சிட்’டில் விழ, ஆங்கிலேயர் வாயில் அது முழுக்க உள்ளூர்ப் பெயராயிற்று.

சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613 முதலே கெல்டிரியா கோட்டையில் இருந்தார்கள். ஆனால் இந்த டச்சுப் பெயர் சோழமண்டலக் கரைக்கு வந்தது ஆங்கிலக் கம்பெனியின் கப்பலில். பீட்டரின் பேரன் ஹென்றி (பிறப்பு 1732) பதின்மூன்றாம் வயதில் எழுத்தர் வேலைக்குத் தேர்வானார். போய்ச் சேர்ந்தது கடலூரை அடுத்த செயின்ட் டேவிட் கோட்டை. 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதால் கம்பெனியின் தலைமையிடமும் அங்கேதான் மாறியது. பையன் பாரசீகம் படித்தான். அந்நாளில் நவாப் தர்பாரோடு பேச அந்த மொழி வேண்டும். பதவிப் படிகளில் ஏறுவதற்கும் அது உதவியது. ராபர்ட் கிளைவ் நண்பரானார். 1754-இல் ஹென்றி மணந்த எமிலியா, சென்னையைப் பிரெஞ்சுக்காரரிடம் ஒப்படைக்க நேர்ந்த ஆளுநர் நிக்கலஸ் மோர்ஸின் மகள்.

நகரம் மறுபடி பறிபோகாமல் காக்கும் பொறுப்பில் அந்த மருமகனுக்கும் பங்கு வந்தது. 1758 டிசம்பரில் லாலியின் பிரெஞ்சுப் படை பரங்கிமலையிலிருந்து மர்மலாங் பாலம் வழியே வந்தது. மாம்பலத்தைத்தான் வெள்ளைக்காரர்கள் மர்மலாங் ஆக்கியிருந்தார்கள். இன்றைய தேனாம்பேட்டை, ராயப்பேட்டைப் பக்கம் விரிந்திருந்த சத்திரச் சமவெளியில் நின்ற ஆங்கிலப் படை கோட்டைக்குள் பின்வாங்கியது. கவுன்சில் உறுப்பினரான ஹென்றியும் உள்ளேதான் இருந்தார். இரண்டு மாதத்துக்கும் மேலாக முற்றுகை. 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் கண்ணில் பட்ட பிறகே முற்றுகை கலைந்தது.

மறு ஆண்டு கிளைவின் சிபாரிசில் அவர் வங்காள ஆளுநரானார். மீர் ஜாபரை இறக்கி மீர் காசிமை நவாபாக்கியது அவர் காலத்தில்தான். கொல்கத்தாவில் வான்சிட்டார்ட் ரோ என்ற தெரு இன்றும் உண்டு. 1769-இல் கம்பெனியின் மேற்பார்வையாளராக மீண்டும் இந்தியாவுக்குப் புறப்பட்ட அவருடைய கப்பல் அரோரா, தென்னாப்பிரிக்காவின் கேப் முனையைக் கடந்தபின் காணாமல் போனது. ஸ்காட்லாந்துக் கவிஞர் வில்லியம் ஃபால்கனரும் அதில் இருந்தார்.

தேசப்படங்களில் பெயர் நிலைத்ததற்குக் காரணம் ஹென்றியின் மகன் நிக்கலஸ். 1812 முதல் 1823 வரை பிரிட்டனின் நிதியமைச்சராக இருந்தவர். கடற்பயணிகள் ஆஸ்திரேலியாவின் வடமேற்கில் ஒரு விரிகுடாவுக்கும், கனடாவின் ஆர்க்டிக் பகுதியில் ஒரு தீவுக்கும் அவர் பெயரை வைத்தார்கள்.

நூலகப் பட்டியலில் இத்தகைய பெயர்களைத் தேடுவது தனிக் கலை. டச்சுக்காரர் என்றால் ‘வான்’ஐத் தள்ளிவிட்டு அடுத்த சொல்லில் பார்க்க வேண்டும், ஆங்கிலம் பேசும் குடும்பம் என்றால் ‘வா’விலேயே கிடைக்கும். வான்சிட்டார்ட் இரண்டாம் வகை.

இருபதாம் நூற்றாண்டில் இந்தப் பெயர் பொதுச்சொல்லாகவும் மாறியது. பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையின் தலைமை அதிகாரியாக 1930 முதல் 1938 வரை இருந்த ராபர்ட் வான்சிட்டார்ட், ஹிட்லர் மட்டுமல்ல, ஜெர்மானியச் சமூகமே போர்வெறி கொண்டது என்று வாதிட்டவர். அந்தக் கடும்போக்குக்கு இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ‘வான்சிட்டார்ட்டிசம்’ என்று பெயர் விழுந்தது. பெரிய ஆங்கில அகராதிகளில் அந்தச் சொல் இன்றும் இருக்கிறது.