300 ரூபாய்க் கோடும் செக்றோலும்: சப்ரகமுவத் தோட்டங்களும் உணவு மானிய வெட்டின் காலமும், 1978–1984

அரசு தன் செலவை எப்போது வெட்டலாம் என்ற விவாதத்தில் இலங்கையின் இரண்டு வெட்டுகள் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தப்படுவதுண்டு. 1973-இல் நெருக்கடியின் நடுவே பங்கீட்டு அரிசி குறைக்கப்பட்டது. மறு ஆண்டில் நாட்டின் இறப்பு வீதம் ஆயிரத்துக்கு 7.7-இலிருந்து 9-ஐத் தொட்டது. தோட்டங்களில் நேர்ந்தது அதைவிடக் கொடிது. 1978–79-இல், பொருளாதாரம் ஆண்டுக்கு 6 முதல் 8 வீதம் வரை வளர்ந்துகொண்டிருந்தபோது, அதே பங்கீடு இன்னும் ஆழமாக வெட்டப்பட்டது, சாவு கூடவில்லை. முதல் வெட்டு காலம் தப்பியது, இரண்டாவது காலமறிந்து செய்தது என்ற முடிபு இதிலிருந்தே பிறக்கிறது. முதல் பாதியில் எனக்கு மறுப்பில்லை. இரண்டாம் பாதி சப்ரகமுவவின் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களுக்குப் பொருந்தாது என்பதே என் வாதம்.

இரண்டாம் பாதிக்கு வலுவான சான்றாக நிற்பது, 1986-இல் உலக வங்கியின் பொருளாதார ஆய்விதழில் சுர்ஜித் பல்லாவும் போல் கிளெவ்வியும் எழுதிய கட்டுரை. 1977-க்கு முந்திய நலச்செலவின் சாதனை மிகைப்படுத்தப்பட்டது என்றும், அதற்குப் பிந்திய திறந்த பொருளாதாரம் வளர்ச்சியைத் தந்தது, ஏழைகளின் வாழ்க்கைத் தரத்தையும் கெடுக்கவில்லை என்றும் அவர்கள் வாதிட்டனர். மறு ஆண்டே ஐசன்மனும் பயட்டும் அதே இதழில் மறுத்தெழுதினார்கள். ஆனால் விவாதம் நாடு தழுவிய சராசரிகளின் மேலேயே நடந்தது. தோட்டத் தொழிலாளரின் லயத்துக்குள் எவரும் இறங்கவில்லை.

பல்லாவும் கிளெவ்வியும் முதன்மையாக ஒப்பிட்டவை 1969/70, 1980/81 ஆகிய ஆண்டுகளின் குடும்ப ஆய்வுகள். பங்கீட்டுக்குப் பதிலாக உணவு முத்திரை வழங்கத் தொடங்கியது 1979 செப்டெம்பரில். ஆகவே இரண்டாம் ஆய்வு நடந்தபோது முத்திரைக்கு வயது ஒன்று அல்லது இரண்டு. வெட்டு முழுவதும் முத்திரை அச்சான நாளிலேயே நடந்து முடிந்திருந்தால் இந்த அளவீடு போதும். அப்படி நடக்கவில்லை. முத்திரையின் பெறுமதி ரூபாயில் நிலையாக வைக்கப்பட்டது: 8 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு 25 ரூபாய், 8 முதல் 12 வரை 20, அதற்கு மேல் 15. தாய், தகப்பன், பத்து வயதில் ஒரு பிள்ளை, எட்டுக்குக் கீழே இரண்டு என்றால் மாதம் 100 ரூபாய். கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டி 1980-இல் சுமார் 26 வீதமும், 1981-இல் 18-உம், 1982-இல் 11-உம், 1983-இல் 14-உம் ஏறியது. இவற்றைக் கூட்டிக் கணக்கிட்டால் அந்த 100 ரூபாய் 1983-இல் ஏறத்தாழ 53 ரூபாய்க்கான பொருளையே வாங்கியிருக்கும். கொழும்புச் சுட்டியைக் கொண்டு இறக்குவானையின் மாவு விலையை அளப்பது சரியாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் திசை மாறாது. வெட்டின் கணிசமான பகுதி 1980/81-க்குப் பின்னர் நிகழ்ந்தது. அதை அந்த ஆய்வு அளந்திருக்கவே முடியாது. நெவில் எதிரிசிங்க 1987-இல் வெளியிட்ட ஆய்வு, மத்திய வங்கியின் 1978/79, 1981/82 நுகர்வோர் நிதி ஆய்வுகளை ஒப்பிட்டு, மிக ஏழைகளான ஐந்தில் ஒரு பங்கினரின் கலோரி குறைந்ததைக் கண்டது இங்கே நினைவுகூரத்தக்கது.

இனி 300 ரூபாய் நிபந்தனை. 1978 தொடக்கத்தில், மாத வருமானம் 300 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கே இனிப் பங்கீடு என்று வரையறுக்கப்பட்டது. இத்தொடரில் எல்லோரும் 300 என்ற எண்ணைப் பார்க்கிறார்கள். நான் நின்று பார்க்க விரும்புவது 'குடும்பம்' என்ற சொல்லை. அதுவரை பங்கீட்டுக் கூப்பன் புத்தகம் ஆளுக்கு ஒன்று. சிறு பிள்ளைக்கும் கூப்பன் இருந்தது, கிழவிக்கும் இருந்தது. புதிய நிபந்தனையில் ஆள் மறைந்து குடும்பம் வந்தது. கிராமத்தில் குடும்ப வருமானம் என்பது குடும்பத்தலைவர் சொல்வது. ஒரு காணித்துண்டு, கொஞ்சம் கித்துள், எப்போதாவது கூலி. அதைச் சரிபார்க்க எவராலும் இயலாது. தோட்டத்தில் கணவன், மனைவி, பதினெட்டு வயது மகள் மூவருக்கும் செக்றோலில், அதாவது தோட்டத்தின் வேலைநாள்–கூலிப் பதிவேட்டில், பேர் விழுகிறது. மூன்று பேரின் கூலியையும் கூட்டுவதற்குக் கணக்கப்பிள்ளைக்கு ஒரு நிமிடம் போதும். ஒரே லயக்காம்பிராவில் மூவர் உழைத்ததே அவர்களை ஏழைப் பட்டியலிலிருந்து தள்ளக் கூடியதாயிற்று.

அந்தக் கூட்டல் மழையையும் கணக்கில் கொண்டதா? இரத்தினபுரி நாட்டின் மிக ஈரமான பகுதிகளில் ஒன்று. றப்பர் தோட்டத்தில் காலையில் மழை கொட்டினால் பால்வெட்டு இல்லை. பால்வெட்டு இல்லையேல் பேர் இல்லை. தென்மேல் பருவத்தில் ஒரு மாதமும் தை மாசியில் ஒரு மாதமும் ஒரே குடும்பத்துக்கு இரண்டு வருமானங்கள். எந்த மாதச் செக்றோல் பார்க்கப்பட்டது என்பதைப் பொறுத்தே பங்கீடும் பின்னர் முத்திரையும் கிடைத்திருக்கும். 1980-இல் புதிய பதிவுகளும் நிறுத்தப்பட்டபின், தவறிப்போன மாதத்தைத் திருத்த வழியில்லை. இந்த இடத்தில் என் சான்று மெலிந்ததுதான். ஆயினும் விதியின் அமைப்பே இந்த விளைவைத் தரும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

பல்லா தரப்பு ஒன்று சொல்லலாம்: தோட்டங்களில் குழந்தை இறப்பு 1974-க்குப் பின் வேகமாகக் குறைந்தது. உண்மை, இதுவே அவர்களுக்குச் சாதகமான மிகப் பலமான சான்று. ஆனால் 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களுக்குப் பின் தோட்டங்கள் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்துக்கும் ஜனவசமவுக்கும் போயின. தோட்ட மருத்துவத்தில் அரசின் கை நீண்டது. ஒரு செலவுத் தலைப்பு வெட்டப்பட்டபோது இன்னொன்று வளர்ந்தது. சாவு குறைந்ததை வெட்டின் கணக்கில் வரவு வைக்கலாகாது.

இன்னொன்று, கணக்கிலிருந்தே போய்விட்டவர்கள். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேறியவர்கள் ஒருபுறம். 1977 ஆகஸ்டிலும் 1981 ஆகஸ்டிலும் நடந்த இனவன்முறையில் அடித்து விரட்டப்பட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்கள் மறுபுறம். 1981-இல் இரத்தினபுரி, கஹவத்தை, இறக்குவானைப் பகுதித் தோட்டங்களே பெரிதும் தாக்கப்பட்டன. எரிந்த லயத்தில் எந்த ஆய்வாளர் படிவம் நிரப்புவார்? மிகவும் நொந்தவர்கள் நீங்கிய பின் எஞ்சியோரின் சராசரி நன்றாகத்தான் தெரியும்.

ஆக, மீட்சி எப்போது தோட்டத்துக்கு வந்தது? கட்டுநாயக்காவிலும் மகாவலியிலும் 1978-இலேயே வந்துவிட்டது. தேயிலையில் 1983-ஆம் ஆண்டின் விளைச்சல் 17.9 கோடி கிலோ மட்டுமே; 1965-இல் அது சுமார் 22.8 கோடி. விலை 1983-இன் கடைசியில்தான் பாய்ந்தது. பெண்ணுக்கும் ஆணுக்கும் சமகூலி 1984 வேலைநிறுத்தத்துக்குப் பின்னரே வந்தது. இக்கணக்கில் வெட்டு ஐந்தாண்டு முந்திவிட்டது. றப்பர் இந்தக் கணக்குக்கு இடறலாக இருக்கிறது. அதன் உலக விலை 1979–80-இல் உயர்ந்து 1982-க்குள் சரிந்தது. கேகாலையின் றப்பர் தோட்டங்களில் வெட்டும் நல்விலையும் ஒரே காலத்தில் வந்திருக்கலாம். அந்த நல்விலையில் எவ்வளவு கூலியாக இறங்கியது என்பது தெளியும்வரை, இரு மாவட்டங்களுக்கும் ஒரே ஆண்டை மீட்சியாண்டாக நான் குறிக்க மாட்டேன்.

வெட்டியே ஆகவேண்டிய கட்டாயம் இருந்தது என்ற வாதமும் நிற்காது. உணவு மானியம் 1970-களின் நடுவில் தேசிய உற்பத்தியில் சுமார் 5 வீதம். 1984-இல் சுமார் 1.3. ஆனால் ரொனி டி மெல் நிதியமைச்சராயிருந்த 1980-இல் வரவு செலவுப் பற்றாக்குறை தேசிய உற்பத்தியில் 20 வீதத்தைத் தாண்டியது. அரசு சிக்கனமாகவில்லை, செலவு இடம் மாறியது.

1992-இல் தோட்டங்களின் முகாமை 22 கம்பனிகளுக்குக் கைமாறியபோது பழைய செக்றோல்களும் அவற்றோடு கைமாறியிருக்க வேண்டும். 1978 முதல் 1984 வரையான ஏடுகளை வைத்திருக்கும் தோட்ட அலுவலகங்களும், வீட்டில் பழைய கூப்பன் புத்தகமோ முத்திரையோ வைத்திருக்கும் குடும்பங்களும் அவற்றைக் கறையானுக்கு விடாமல் ஒரு படியெடுத்துத் தர வேண்டுகிறேன். ஒரே ஒரு றப்பர் தோட்டத்தின் ஓராண்டுச் செக்றோல் கிடைத்தாலும் மேலே மழையைப் பற்றி நான் சொன்னதைச் சோதித்துப் பார்த்துவிடலாம்.