கிளெயரின் கோல் காப்பாளர்

அயர்லாந்து மக்களின் பழம்பெரும் விளையாட்டு ஹேர்லிங். நுனி அகன்ற மரக் கம்பினாற் சிறு தோற்பந்தை ஓங்கி அடித்து ஆடுவது அது. பந்து குறுக்குச் சட்டத்துக்கு மேலாகச் சென்றால் ஒரு புள்ளி; கீழாகச் சென்றாற் கோல். ஒரு கோல் மூன்று புள்ளிகளுக்குச் சமம். அந்நாளிற் கோல் காப்பாளருக்குத் தலைக்கவசம் கிடையாது. பந்தைத் தடுத்தவர்மீது எதிரணியினர் பாய்ந்து மோதுவதும் ஆட்டத்தின் ஓர் அங்கமாகவே கருதப்பட்டது. இத்தகைய இடத்திற் பதினைந்து ஆண்டுகளுக்குமேல் நிலைத்து நின்றவர் தொமி டேலி.

இவர் 1894 ஆம் ஆண்டில், கிளெயர் கவுண்டியைச் சேர்ந்த துல்லாவிற் பிறந்தவர். மருத்துவம் பயிலத் தலைநகர் டப்ளினுக்குச் சென்றார். வாழும் கவுண்டிக்காக ஆடுவதே அக்கால வழக்கம். ஆகவே கிளெயரின் மைந்தர் டப்ளினின் கோலைக் காத்தார். 1917 இல் அகில அயர்லாந்து இறுதியாட்டத்திலே திப்பரரியை டப்ளின் வென்றது. 1920 ஆம் ஆண்டுக்குரிய இறுதியாட்டமோ, விடுதலைப் போரின் காரணமாகப் பின்தள்ளப்பட்டு 1922 இலேதான் நடைபெற்றது. அதிற் கோர்க் அணி தோற்றது. 1924, 1927 ஆகிய ஆண்டுகளிலும் டப்ளினுக்கே வெற்றி. ஆக, டேலி வென்ற பதக்கங்கள் நான்கு.

நான்கும் பிறர் மண்ணுக்காக வென்றவை. பிறந்த கவுண்டிக்கு ஆட விதி இடமளித்தபின், டேலி கிளெயருக்குத் திரும்பினார். 1932 இல், முந்திய ஆண்டின் வீரரான கோர்க்கை மன்ஸ்டர் இறுதியாட்டத்திலே கிளெயர் வீழ்த்தியது. அரையிறுதியில் நிகழ்ந்ததோ நம்புதற்கரியது: பெரிதும் பின்தங்கியிருந்த கிளெயர், ஒன்பது கோல்களை அடித்துக் கல்வேயை வென்றது. தம் காப்பாளர் நான்கு கோல்களை விட்டதை அன்று எவர்தான் பொருட்படுத்தியிருப்பர்!

செப்டெம்பரில், டப்ளின் குரோக் பார்க் மைதானத்தில் எதிர்நின்றது கில்கெனி. டேலிக்கு வயது முப்பத்தெட்டு. கில்கெனி 3 கோல், 3 புள்ளி. கிளெயர் 2 கோல், 3 புள்ளி. ஒரேயொரு கோல் வித்தியாசம். காப்பாளனின் கணக்கு எப்போதும் கொடியது. அவன் தடுத்தவை ஏட்டில் ஏறுவதில்லை, விட்டவை மட்டுமே ஏறுகின்றன.

1936 இல், துவாம்கிரேனி அருகே நிகழ்ந்த மோட்டார் விபத்தில் டேலி மாண்டார். துல்லாவின் குன்றிலே அவர் உடல் அடக்கஞ் செய்யப்பட்டது. கெரி கவுண்டி எழுத்தாளர் பிரையன் மக்மஹோன் அவர்மீது இரங்கற்பாப் பாடினார். கிளெயர் அணி மீண்டும் ஓர் இறுதியாட்டத்தைக் காண அறுபத்துமூன்று ஆண்டுகள் சென்றன. அது 1995, அம்முறை வெற்றி கிளெயருக்கே கிட்டியது.