'சங்கத்தில் பாடாத கவிதை' இந்தியிலிருந்து வந்ததா? ஒரே மெட்டு, நாலு பாட்டு... என்ன வித்தியாசம்?

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனிலிருந்து சிப்காட் பக்கம் போகிற ஷேர் ஆட்டோவில் ராத்திரி ஷிஃப்டுக்கு ஏறினால், இளையராஜா பாட்டு கேட்காமல் இறங்குவது கஷ்டம். 'சங்கத்தில் பாடாத கவிதை' ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பீகார்காரரும் கூடவே முணுமுணுப்பார். மெட்டு அதேதான், வார்த்தைதான் வேற. அவருக்கு அது 'ஏ ஜிந்தகி கலே லகா லே'. அதே ஆட்டோவில் ஒரு மலையாளியும் இருந்தால் மூணாவதாக 'தும்பி வா' என்று ஆரம்பிப்பார்.

கம்பெனி கேட் வருவதற்குள் வழக்கமான சண்டை வந்துவிடும். இது யார் பாட்டு? யார் யாரைப் பார்த்து காப்பி அடிச்சது?

சுருக்கமான பதில்: யாரும் அடிக்கவில்லை. எல்லாமே இளையராஜா போட்ட ஒரே மெட்டு. ஆனால் அதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. தமிழில் காதல் பாட்டாக இருக்கும் இந்த மெட்டு, மற்ற மொழிகளில் காதல் பாட்டே இல்லை என்பதுதான் இதில் சுவாரஸ்யம்.

எது முதலில் வந்தது?

'இந்தியில் இருந்து எடுத்தது' என்ற வாதத்தைத் தேதி ஒன்றே முடித்து வைத்துவிடும். 'ஏ ஜிந்தகி' இடம்பெற்ற 'சத்மா' படம் வந்தது 1983 ஜூலையில். மலையாளத்தின் 'ஓளங்கள்', தமிழின் 'ஆட்டோ ராஜா' இரண்டுமே 1982-ல் வந்த படங்கள். ஆக, இந்திதான் கடைசி.

மெட்டு இந்திக்குப் போன வழியும் தெளிவானது. 'ஓளங்கள்' படத்தை இயக்கியவர் பாலு மகேந்திரா. அதே 1982-ல் கமல்ஹாசன், ஸ்ரீதேவியை வைத்து அவர் எடுத்த 'மூன்றாம் பிறை'யைத்தான் அடுத்த வருஷம் இந்தியில் 'சத்மா'வாக அவரே மறுபடி எடுத்தார். மூன்று படத்துக்கும் இசை இளையராஜா. 'மூன்றாம் பிறை'யில் இல்லாத இந்த மெட்டு, ரீமேக்கில் போய் உட்கார்ந்துகொண்டது. தன்னுடைய ஒரு படத்தில் இருந்த மெட்டு தன்னுடைய இன்னொரு படத்துக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இதில் தனியாக நிற்பது 'ஆட்டோ ராஜா'தான். விஜயகாந்த் நடித்த இந்தப் படத்துக்கும் பாலு மகேந்திராவுக்கும் சம்பந்தமில்லை. சொல்லப்போனால், படத்தின் மற்ற பாடல்களுக்கு இசை சங்கர் - கணேஷ். இந்த ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும்தான் இளையராஜா. அதனால் ஆல்பத்தில் சங்கர் - கணேஷ் பெயரைப் பார்த்துவிட்டு 'அப்போ இது ராஜா பாட்டு இல்லையா?' என்று குழம்புகிறவர்கள் இன்னிக்கும் உண்டு. குழப்பமே வேண்டாம். பாடியிருப்பதில் ஒரு குரலும் இளையராஜாவுடையதுதான்.

மெட்டு ஒன்று, அர்த்தம் மூன்று

'தும்பி வா' ஓ.என்.வி. குறுப்பு எழுதியது. தும்பியைக் கூப்பிட்டு, தும்பைப் பூவில் ஊஞ்சல் கட்டலாம் வா என்கிற குழந்தை உலகம். எஸ்.ஜானகி மட்டுமே பாடியிருக்கிறார். எரிக் சீகல் எழுதிய 'மேன், உமன் அண்ட் சைல்ட்' நாவலைத் தழுவிய படம் 'ஓளங்கள்'. குடும்பஸ்தன் ஒருவனுக்கு, பழைய உறவில் தனக்கு ஒரு மகன் இருப்பது தெரியவருகிற கதை. குழந்தைதான் கதையின் மையம் என்பதால் பாட்டும் அந்த உயரத்துக்குக் குனிந்து பேசுகிறது.

'சங்கத்தில் பாடாத கவிதை' புலமைப்பித்தன் எழுதியது. இது முழுக்கக் காதல். சங்கப் புலவர்கள்கூடப் பாடாமல் விட்ட கவிதையைக் காதலியின் உருவத்தில் பார்க்கிறான் ஒருவன். இளையராஜாவும் ஜானகியும் சேர்ந்து பாடிய டூயட்.

'ஏ ஜிந்தகி கலே லகா லே' குல்சார் எழுதியது. பாடியவர் சுரேஷ் வாட்கர், தனியாக. இதில் தும்பியும் இல்லை, காதலியும் இல்லை. ஒரு ஆண், வாழ்க்கையைப் பார்த்து 'என்னைக் கட்டிப்பிடிச்சுக்கோ' என்று கேட்கிறான். நீ கொடுத்த துக்கத்தை எல்லாம் நான் ஏற்றுக்கொண்டேனே என்று உரிமையோடு நியாயம் பேசுகிறான். பெரிய தத்துவத்தைச் சொல்லிவிட்டு, கூடவே டீக்கடையில் பேசுவது போல ஒரு சின்ன 'இல்லையா?' போடுகிறார் குல்சார். இந்திப் பாட்டு அவ்வளவு நெருக்கமாக இருப்பதற்கு அந்த ஒரு வார்த்தைதான் பாதிக் காரணம்.

இங்கே ஒரு கொசுறு. 'ஓளங்கள்' படத்துக்கு அடிப்படையான அதே ஆங்கில நாவல் 1983-ல் இந்தியிலும் 'மாசூம்' என்று படமானது. அதற்கும் பாட்டு எழுதியவர் குல்சார்தான், ஆனால் இசை ஆர்.டி.பர்மன். அதாவது 'ஓளங்கள்' கதை ஒரு பக்கம், அதன் மெட்டு இன்னொரு பக்கம் எனத் தனித்தனியாக இந்திக்குப் போய், ஒரே வருஷத்தில் இரண்டும் குல்சார் கையில் கிடைத்திருக்கிறது.

மெட்டுக்குள் வார்த்தை எப்படி உட்காருது?

மூன்று பாட்டின் முதல் வார்த்தையை மட்டும் அடுத்தடுத்து பாடிப் பாருங்கள். தும்-பி-வா. சங்-கத்-தில். ஜிந்-த-கி. மூன்றுமே மூன்று அடி எடுத்து வைத்து நின்றுவிடுகின்றன. இந்தியில் மட்டும் முன்னால் ஒரு 'ஏ' கூடுதல், கூப்பிடுவதற்காக. மெட்டு முதலில், வார்த்தை பிறகு என்றால் கவிஞருக்குக் கிடைக்கிற இடம் இவ்வளவுதான்.

ஆனால் அந்த மூன்றாவது அடியில்தான் வித்தியாசம் கேட்கும். 'வா' என்பது நெடில். வாய் திறந்தே இருப்பதால் குரல் அங்கே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஊஞ்சலாடலாம். தமிழில் 'ஜிந்தகி' என்று எழுதினாலும், இந்தியில் அது ஈகாரத்தில்தான் முடிகிறது. தமிழில்தான் சிக்கல். 'சங்கத்தில்' என்று ஒற்றில் முடிகிறது. 'ல்' வந்ததும் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும், அதற்கு மேல் இழுக்க முடியாது. சொல்லும் அங்கே முடியவில்லை. சங்கத்தில்... என்ன? அடுத்த சொல் வந்தால்தான் அர்த்தம். மலையாளத்தில் முதல் மூன்று அடியிலேயே ஒரு அழைப்பு முடிந்துவிடுகிறது, இந்தியிலும் அப்படித்தான். தமிழில் கேட்கிறவன் காத்திருக்க வேண்டும்.

இதைக் குறை என்று சொல்கிறவர்கள் உண்டு. மெட்டோடு மிக இயல்பாகப் பொருந்துவது 'தும்பி வா'தான் என்பது சரியே. ஆனால் புலமைப்பித்தன் வேறு வழியில் ஈடுகட்டுகிறார். சங்கம் என்று எடுத்தால் அடுத்து அங்கம் என்று எதுகை பிடிக்கிறார். மெல்லின ஓசை திரும்பத் திரும்ப வந்து விழும்போது, நெடில் செய்யவேண்டிய வேலையை அந்த 'ங்' செய்துவிடுகிறது. மூக்கு வழியாக வரும் ஒலி என்பதால் அதுவும் கொஞ்சம் ரீங்காரம் போட்டு நிற்கும். யாப்பு படித்தவர் எழுதிய சினிமா பாட்டு இது என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

ஒரே ஜானகி, ரெண்டு ஆள்

ஹெட்ஃபோனில் கேட்க வேண்டியது இதைத்தான். மலையாளத்திலும் தமிழிலும் பாடியது ஒரே எஸ்.ஜானகி, ஒரே மெட்டு. ஆனால் 'தும்பி வா'வில் அவர் யாருக்கும் பதில் சொல்லவில்லை. குழந்தை பக்கத்தில் இருப்பது போல, சத்தம் கூட்டாமல் தானே பாடிக்கொண்டு போகிறார். தமிழில் எதிரே ஒரு ஆண் குரல் இருக்கிறது. அவன் புகழ்கிறான், இவள் கேட்கிறாள், வெட்கமும் கொஞ்சம் கெத்தும் கலந்து திருப்பிக் கொடுக்கிறாள். மெட்டு மாறவில்லை, பாடுகிற பெண் மாறிவிட்டாள். தாயாக இருந்தவள் காதலியாகிவிட்டாள்.

இளையராஜாவின் குரலும் இங்கே கவனிக்க வேண்டியது. மெருகேறிய பின்னணிப் பாடகர் குரல் அது இல்லை, கொஞ்சம் கரகரப்பானது. 'ஆட்டோ ராஜா' என்ற பெயருள்ள படத்தின் காதலனுக்கு அந்தக் கரகரப்பு பொருந்தியது. சுரேஷ் வாட்கரிடம் அந்தக் கரகரப்பு இல்லை. சாஸ்திரிய சங்கீதப் பயிற்சி உள்ள, நேராக நிற்கும் குரல். அழாமல் துக்கத்தைச் சொல்ல அதுதான் சரி.

மறுபடி குழந்தையிடமே போன மெட்டு

2009-ல் ஆர்.பால்கி இயக்கிய 'பா' படத்தில் இதே மெட்டு 'கும் சும் கும்' என்று திரும்பி வந்தது. ஸ்வானந்த் கிர்கிரே எழுத, பவதாரிணி பாடினார். படத்தில் அமிதாப் பச்சன் நடித்தது, அபூர்வ நோயால் சீக்கிரமே முதுமை அடைந்துவிட்ட ஒரு சிறுவனாக. அதனால் பாட்டும் குழந்தை உலகத்துக்கே போய்விட்டது. பால்கிக்கு இது புதுசும் இல்லை. 2007-ல் 'சீனி கம்' டைட்டில் பாட்டுக்கு 'மௌன ராகம்' படத்தின் 'மன்றம் வந்த' மெட்டைத்தான் எடுத்துக்கொண்டார்.

பெயர் விட்டுப்போனது யாருக்கு?

ஓ.என்.வி. குறுப்புக்கு 2007-க்கான ஞானபீட விருது கிடைத்தது. குல்சாருக்கு 2023-க்கான ஞானபீடம். ஒரே மெட்டுக்கு வார்த்தை கொடுத்த நாலு பேரில் இரண்டு பேர் நாட்டின் உயரிய இலக்கிய விருது வாங்கியவர்கள்! கேரளாவில் 'தும்பி வா' என்றால் உடனே ஓ.என்.வி. என்பார்கள். 'ஏ ஜிந்தகி' என்றால் குல்சார் பெயரைச் சொல்லாமல் யாரும் பேச மாட்டார்கள்.

'சங்கத்தில் பாடாத கவிதை' யார் எழுதியது என்று கேட்டுப் பாருங்கள். 'ராஜா பாட்டு' என்றுதான் பதில் வரும். இல்லாவிட்டால் 'விஜயகாந்த் பாட்டு'. 'அடிமைப் பெண்' படத்தின் 'ஆயிரம் நிலவே வா'வையும் எழுதிய புலமைப்பித்தன், 2021 செப்டம்பரில் காலமானார். அடுத்த முறை ஷேர் ஆட்டோவில் இந்தச் சண்டை வந்தால், மெட்டு யாருடையது என்பதில் வாதமே தேவையில்லை. பக்கத்து சீட்டுக்காரர் குல்சார் பெயரைச் சொன்னால், பதிலுக்குச் சொல்ல நம்ம பக்கமும் ஒரு பெயர் இருக்கு.